இடது இறக்கையில் ஒரு புள்ளி

நூலகர் தம் ஆள்காட்டி விரலை என் முகத்துக்கு நேராக நீட்டினார். நுனியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

"இது என்னெண்டு சொல்லுங்கோ பாப்பம், தம்பி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேசைமேல் நான் வரைந்த அந்துப்பூச்சிப் படம் கிடந்தது. அதன் இடது இறக்கையில் இருந்த கறுப்புப் புள்ளி கலைந்து ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது. படத்தை நூலகத்து இரும்பு அலமாரியில் சேர்ப்பதற்கு முன்னால், மேலே படர்ந்திருந்த பூஞ்சணத்தை மெல்லிய தூரிகையால் தட்டியிருக்கிறார். பூஞ்சணத்தோடு புள்ளியும் வந்துவிட்டது.

"சாயமெண்டால் இப்பிடி வராது," என்றவர் தாளைத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். புள்ளி இருந்த இடத்தில் குன்றிமணி அளவுக்கு எண்ணெய் ஊறியிருந்தது நன்றாகத் தெரிந்தது. "எண்ணெய் விட்டுக் குழைச்ச மை. பிள்ளையளுக்குக் கன்னத்தில வைக்கிற மை. உங்கட படத்துக்கு இது எப்பிடி வந்தது?"

தூக்கிவாரிப் போட்டது என்பார்களே, அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வது என்று அன்றுவரை நினைத்திருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நிஜமாகவே எழுந்து நின்றுவிட்டேன். என்னை அறியாமல் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் அந்த ஒரு புள்ளியைத்தான் கொட்டகலையிலிருந்து பொகவந்தலாவை வரைக்கும் தோட்டம் தோட்டமாக ஆட்கள் மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இதெல்லாம் முப்பதுகளின் நடுவில், இலங்கை மலைநாட்டில் நடந்தது. எங்களுக்குக் கொட்டகலை கடைவீதியில் ஜவுளிக்கடை. சீமையிலிருந்து வரும் துணிக்கட்டுகளில் வர்ணப்படம் போட்ட சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். யானை, மயில், ஊஞ்சலில் ஒரு பெண் என்று விதவிதமாக வரும். நான் துணியைப் பார்க்காமல் சீட்டைப் பார்த்து வளர்ந்தவன். அதையே பார்த்துப் பார்த்து வரைந்து, கடைக்கு வந்த ஒரு துரையின் கண்ணில் பட்டு, ஆராய்ச்சி நிலையத்தில் படம் வரைகிற வேலைக்குப் போனேன். தோட்டங்கள் சில சேர்ந்து நடத்திய சின்ன நிலையம் அது. தேயிலையைத் தின்னும் பூச்சி, அழுகும் வேர், இலையில் விழும் நோய் எல்லாவற்றையும் பூதக்கண்ணாடியில் பார்த்து, உள்ளது உள்ளபடி தீட்டித் தர வேண்டும். எங்களுக்கு மேலே இருந்த துரையைத் தோட்டத்து ஆட்கள் பூச்சித்துரை என்பார்கள். அப்பா என்னைப் பற்றிக் கேட்பவர்களிடம், "அவனா, வண்டு வரையப் போயிருக்கான்," என்று சொல்லிவிட்டுக் கஜக்கோலை எடுத்துக்கொள்வார். வேலை போனால் கடைக்கு வரலாம், ஆனால் மூலையில் உட்கார்ந்து மடிப்புப் போடுகிற ஆளாகத்தான் வரவேண்டும் என்று முதல் நாளே சொல்லி அனுப்பியவர் அவர்.

எனக்குக் கோபம் வரும். அதைவிடக் கோபம் வந்தது, என் படங்களில் என் பேர் எங்குமே இல்லை என்பதில். அச்சான தாளில் துரையின் பேர் இருக்கும். அச்சுக்கூடத்தின் பேர்கூட ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். பூச்சிக்கு லத்தீனில் நீளமாக ஒரு பேர் இருக்கும். நாள் கணக்கில் கண் வலிக்க வலிக்க வரைந்தவனுக்கு மட்டும் கிடையாது.

இப்படி இருக்கையில்தான் நிலையத்தில் நூலகம் ஒன்று வைத்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் வந்தார். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர், கண்டிப்பானவர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேசுவார். அச்சான புத்தகங்களோடு, அவற்றுக்காக வரைந்த மூலப்படங்களையும் நூலகமே ஏற்றுக் காப்பாற்ற வேண்டும் என்று துரையிடம் வாதாடி வென்றவர் அவர்தான். ஒருநாள் தடித்த பதிவேட்டைத் திறந்து ஒரு கட்டத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

"வரைஞ்சவர் ஆரெண்டு எழுதுறதுக்கு இது. உங்கட பேரைத்தான் எழுதுவன். நாங்களெல்லாம் போன பிறகும் இது இஞ்ச இருக்கும்."

அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் நாலு தடவை சொன்னேன். அவள் நாலு தடவையும் புதிதாகக் கேட்பது போலக் கேட்டாள்.

இனி அந்தப் பூச்சிக்கு வருகிறேன். முந்தின ஆண்டு இலையைச் சுருட்டித் தின்னும் புழு பல தேயிலை மலைகளில் விழுந்தது. துரை ஆறு மாத விடுப்பில் சீமைக்குப் போக இருந்தார். புழுவும் அந்தும் நோய்ப்பட்ட இலைகளுமாகப் பதினொரு படம் வேண்டும், அங்கே அச்சுக்குக் கொடுக்கப் போகிறேன் என்றார். கடைசிப் படங்களை வீட்டில் வைத்து முடித்தேன். பதினொன்றையும் ஒற்றுத்தாள் போட்டுத் தகரப்பெட்டி மேல் அடுக்கினேன். காலையில் பிரித்துக்கூடப் பார்க்காமல் அப்படியே மெழுகுத்துணியில் சுற்றி, நானுஓயாவில் ரயில் ஏறவிருந்த துரையிடம் ஓடிப்போய்க் கொடுத்தேன். அந்துப்பூச்சியை வரைகிற வழக்கம் ஒன்று உண்டு. ஒரு பக்கத்து இறக்கையை மட்டும் விரித்து வரைந்தால் போதும், மறுபக்கமும் அதேதான் என்று கொள்வார்கள். நான் இடது பக்கத்தை வரைந்திருந்தேன்.

துரை கொண்டுபோன பூச்சிப்பெட்டி கப்பலில் பூஞ்சணம் பிடித்து, உள்ளே இருந்ததெல்லாம் பொடியாகிவிட்டது. ஆகவே அவர் சீமையில் உட்கார்ந்து என் படத்தைப் பார்த்தே பூச்சியை விவரித்து எழுதினார். பார்வைக்கு இதேபோல இன்னொரு அந்து உண்டு, அது தேயிலையைத் தொடாது. தின்னுகிற பூச்சிக்கு முன் இறக்கையில் தெளிவாக ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும், தொடாததுக்கு இருக்காது, அதை வைத்துப் பிரித்தறியலாம். இப்படி எழுதிப் படத்தோடு அச்சிட்டு எல்லாத் தோட்டத்துக்கும் அனுப்பிவிட்டார்கள்.

துரை விடுப்பு முடிந்து மூலப்படங்களோடு திரும்பியிருந்தார்; அச்சுப்படம் என் கைக்கு வந்தபோது புள்ளியைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நான் வைக்காத புள்ளி அது. சீமையில் பெரிய கண்ணாடியில் பார்த்துத் துரையே சேர்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். போய்க் கேட்டிருக்கலாம். என் கண்ணுக்குத் தப்பியது என்று நானே போய் ஒப்புக்கொள்வானேன் என்று வீம்பாக இருந்துவிட்டேன். துரையோ நான் பூச்சியைப் பார்த்து வைத்த புள்ளி என்று நம்பியிருக்கிறார்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆட்களுக்குப் படத்தைக் காட்டி விளக்க என்னையே அனுப்பினார்கள். காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடியிருந்தவர்கள் முன்னால், கங்காணி பக்கத்தில் நிற்க, நான் அட்டையைத் தூக்கிப் பிடித்துப் பெரிய பண்டிதர் கணக்காகப் பேசினேன். கொழுந்து எடுக்கிற பெண் ஒருத்தி, நாற்பது வயது இருக்கும், மழைக்குத் தலையில் போட்டிருந்த கொங்காணியை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஏழெட்டு அந்துகளைக் காட்டினாள்.

"ஐயா, நாங்க நாலு மலையும் பாத்துட்டோம்ங்க. புள்ளி வச்ச பூச்சி ஒண்ணுகூட இல்லீங்க. இதுதாங்க இருக்கு. சுருட்டின எலைக்குள்ளேருந்து இது வர்றத நானே பாத்தேன்."

நான் அவற்றைக் கிளறிப் பார்த்தேன். ஒன்றிலும் புள்ளி இல்லை.

"இது வேற பூச்சிம்மா. படத்துல என்ன இருக்கோ அதத் தேடுங்க," என்றேன்.

"கண்ணால பாத்தேங்க ஐயா."

"படம் வரஞ்சவனே நான்தான். எனக்குத் தெரியாதா?"

கங்காணி அவளை அதட்டினார். அவள் பூச்சிகளைத் தரையில் உதறிவிட்டுப் போய் வரிசையில் நின்றாள். புள்ளிப்பூச்சி இங்கே இல்லை என்று தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா எழுதி அனுப்பினார். அதே அறிக்கைதான் ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் வந்தது. புழு பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தது.

இத்தனையும் நூலகர் விரலைப் பார்த்த அந்த ஒரு கணத்தில் எனக்கு வந்து போயிற்று. அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. குடையை அங்கேயே விட்டுவிட்டு மழையில் வீட்டுக்கு நடந்தேன். நிலையத்துக்குப் பின்னால் எங்களுக்குக் கொடுத்திருந்த இரண்டறை வீடு. மனைவி அடுப்படியில் இருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம். நான் தலையைக்கூடத் துவட்டிக்கொள்ளவில்லை.

"என் படத்துல மை வச்சியா?"

கொஞ்சமாவது மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். மறுக்கட்டும் என்று ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

"ஆமாங்க," என்றாள். "எதுக்குக் கேக்குறீங்க?"

"எதுல வச்ச?"

"பதினொண்ணுலயும்தான்."

உட்கார்ந்துவிட்டேன். நனைந்த வேட்டியோடு அடுப்படித் தரையில். இலைப்படங்களில் வைத்தது நோய்ப்புள்ளிகளோடு ஒரு புள்ளியாகப் போயிருக்கும், புழுவின் முதுகில் வைத்தது புழுவின் புள்ளிகளோடு போயிருக்கும். அந்தின் இறக்கை மட்டும்தான் வெறுமையாக இருந்தது.

"ஏன் வச்ச? அது சாமிப் படமா? கல்யாணப் பொண்ணா?"

"ஏங்க, அதுக்கு முந்தி வேர்ப் படம் ஒண்ணு வரஞ்சீங்களே, மறந்துட்டீங்களா? தொர பாத்துட்டு வாயத் தொறந்து அப்படிப் புகழ்ந்தாருன்னு வந்து சொன்னீங்க. மறுநாளே கூரை ஒழுகி அது ஒண்ணுமில்லாம போச்சு. ரெண்டு நாள் நீங்க சோறு திங்கல. இது சீமைக்குப் போவுது, எத்தன கண்ணு படும்? மூலைல வச்சா நீங்க பாத்துட்டுத் தொடச்சிடுவீங்க. அதான் தெரியாத மாதிரி ஈர்க்குச்சியால பூச்சி மேலயே வச்சேன்."

தெரியாத மாதிரி வைத்ததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை வேறு. திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். வரைந்து முடித்த எதையும் ஒரு குறையோடு விடவேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? எங்கள் கடையில் புதுச்சரக்கு வந்தால் முதல் பீஸின் ஓரத்தில் அப்பா கரிக்கோடு போடுவார். அவர் போடும்போது நான் பக்கத்தில் நின்று துணியைப் பிடித்துக் கொடுத்தவன்தானே.

"நானே எடுத்துட்டா சரியாப் போயிடுமே? நல்லெண்ண தொட்டா வந்துடும்," என்றாள். அச்சுக்குப் போனது, அனுப்பியது, தேடியது எதுவும் அவளுக்குத் தெரியாது. நானும் அப்போது சொல்லவில்லை.

பிற்பகல் துரை அறைக்கு நானும் நூலகரும் போனோம். நூலகர் படத்தை மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னார். நான் மையைப் பற்றிச் சொன்னேன். மனைவி வைத்தாள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். துரை கலைந்த புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துப் போயிற்று. கத்துவார், வேலையை விட்டுப் போ என்பார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

அவர் கோபப்பட்டிருந்தால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவர் கோபப்படவேயில்லை. மெதுவாக, நல்ல தன்மையாக ஆங்கிலத்தில் பேசினார். தோட்டங்களுக்கு எல்லாம் போய்விட்டது. சீமையில் படித்தவர்கள் சபை முன்னால் வாசித்தாகிவிட்டது. அச்சிலே புள்ளி இருக்கிறது. நூலகத்தில் இருக்கும் மூலப்படம் அச்சோடு ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் அது மூலப்படமே அல்ல. கையாளும்போது சேதமாகிவிட்டது, சரிசெய்ய வேண்டியதுதான். பிறகு என்னைப் பார்த்து, எண்ணெய் ஊறிய இடத்தைச் சுண்ணக்கட்டித் தூளால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அழியாத மையால் புள்ளியை வை என்றார். இன்றைக்கே வேண்டும் என்றார். ஏதோ ஓரம் கிழிந்த தாளுக்குப் பசை போடச் சொல்வது போலச் சொன்னார்.

இப்படி ஒரு மனிதர் சொல்லமுடியும் என்பதே எனக்கு நம்ப முடியாததாக இருந்தது. உள்ளது உள்ளபடி வரை, கூட்டாதே குறைக்காதே என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அவர். ஒரு புழுவின் காலில் ஒரு மயிர் குறைந்தது என்று முழுப் படத்தையும் திரும்ப வரையச் சொன்னவர்.

நூலகர் மட்டும், "அது சரியில்லை, ஐயா," என்று ஒரு தடவை சொன்னார். துரை படத்தை என் பக்கமாகத் தள்ளினார்.

வேலை, வீடு, அப்பாவின் கடை மூலை, பதிவேட்டில் காத்திருக்கும் என் பேர் என்று எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக மனதில் ஓடியது. நான் வைத்தேன். சுண்ணத்தூளைத் தூவி, ஊறவிட்டு, தட்டி, இரண்டு மயிர்த் தூரிகையால் ஒரே தொடலில் வைத்தேன். கை நடுங்கவில்லை. நடுங்காதது எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. அவ்வளவு உருண்டையான, அவ்வளவு சுத்தமான புள்ளியை நான் அதற்கு முன்னும் பின்னும் வைத்ததில்லை. நூலகர் பதிவேட்டில் பதினொரு வரி எழுதினார். வரைந்தவர் என்ற கட்டத்தில் பதினொரு தடவையும் என் பேர். எழுதி முடிக்கும்வரை அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளைக் குத்திக்காட்டத்தான் சொல்ல ஆரம்பித்தேன். தோட்டங்களில் அந்தப் புள்ளியைத் தேடுகிறார்கள் என்றதும் அவள் முகம் மாறியது. பெரட்டில் பூச்சியை உதறிவிட்டுப் போனவளைப் பற்றிச் சொன்னபோது வாயில் கையை வைத்துக்கொண்டாள். இன்று நான் செய்ததைச் சொன்னதும் கையை எடுத்தாள்.

"நா வச்சது தெரியாத்தனம்," என்றாள். "நீங்க தெரிஞ்சே வச்சீங்களா?"

நான் துரையைச் சொன்னேன், வீட்டைச் சொன்னேன்.

"சரிங்க. இனிமே அந்தப் பொம்பளைங்க எதத் தேடுவாங்க? அவங்க மலையெல்லாம் போச்சுன்னா அவங்களுக்குப் பேரு கொடுக்க எடம் ஏது?"

அவள் அழுதாள். அவள் தன்னையே திட்டிக்கொண்டு அழுதது எனக்குப் பொறுக்கவில்லை. காலையில் போய்ச் சரிசெய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

காலையில் போனேன். நூலகர் அப்போதுதான் கதவைத் திறந்திருந்தார்.

"ஐயா, அந்தப் படத்துக்கு நேரா இருக்கிற என் பேரை அடிச்சிடுங்க," என்றேன்.

"பதிவில எழுதினதை அடிக்கேலாது, தம்பி. அடிச்சால் அது பதிவேடில்லை." பிறகு பதிவேட்டை எடுத்துவந்து விரித்தார். வரியின் கடைசியில் அகலமாக ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. "இது குறிப்பு எழுதுற இடம். புள்ளி பூச்சியில இல்லை, பிறகு வைச்சதெண்டு நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டால், ஒருத்தராலயும் அழிக்கேலாது. துரையாலயும் ஏலாது. நான் ஒவ்வொரு தோட்டத்துக்கும் அதைப் பார்த்தெழுதி அனுப்புவன். என்ர வேலையும் போகலாம். பரவாயில்லை."

பேனாவை மைக்கூட்டில் தோய்த்து என் கையில் கொடுத்தார்.

நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு வாக்கியம். எனக்குத் தமிழும் தெரியும், ஆங்கிலமும் தெரியும். எழுதவேண்டியதும் மனதில் ஒழுங்காக இருந்தது. பேனா முனையில் மை காய்ந்தது. அவர் வாங்கி மறுபடியும் தோய்த்துக் கொடுத்தார். வெளியே துரையின் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பேனாவைப் பதிவேட்டின் மேல் வைத்தேன். அவர் அதை எடுத்து வைத்துவிட்டுப் பதிவேட்டை மூடினார். அதற்குப் பிறகு அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

அடுத்த ஆண்டு வந்த சுற்றறிக்கையில், சில பூச்சிகளுக்குப் புள்ளி தெளிவாக இல்லாமலும் இருக்கலாம் என்று துரை ஒரு வரி சேர்த்தார். அதற்குள் பொகவந்தலாவையில் அந்த நாலு மலையிலும் செடியை அடியோடு வெட்டிவிட்டார்கள். அங்கே கொழுந்தெடுத்தவர்கள் வேறெங்கே போனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

அன்று காலை நூலகத்திலிருந்து வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்," என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முப்பத்தேழு வருஷம் என்னோடு இருந்தாள். கடைசிவரைக்கும், என் புருஷன் துரையையே எதிர்த்து எழுதினவர் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.